திமிங்கிலத்தின் குரலும் அதன் நீளமும்

புத்தளம் மாவட்டத்துக் கரையோரம் இருவகைக் கடலை உடையது. கற்பிட்டிக் குடாநாட்டின் கிழக்கே கிடக்கும் களப்பு ஆழமற்றது. மீனும் இறாலும் உப்பும் தருவது. மேற்கே கந்தக்குழி, ஆலங்குடா, தலவில என நீளும் மணற்கரைக்கு அப்பாலோ, பவளப் பாறைத் திட்டைக் கடந்ததும் கடலடி சரிந்து நூற்றுக்கணக்கான மீற்றர் ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. தென்மேல் பருவக்காற்று ஓய்ந்திருக்கும் நவம்பர் முதல் ஏப்ரல் வரையான மாதங்களில், இச்சரிவின் ஓரமாக ஓங்கில் கூட்டங்களும் திமிங்கிலங்களும் காணப்படுகின்றன. அவற்றுள் ஒன்று, உடலில் கால் பங்குக்கு மேல் தலையாகவே அமைந்த பெருந்தலைத் திமிங்கிலம். ஆங்கிலேயர் இதனை ஸ்பெர்ம் வேல் என்பர். அம்பர் எனப்படும் நறும்பொருள் உண்டாவது இதன் குடலிலேதான்.

இவ்விலங்கு கணவாய் தேடி ஆயிரம் மீற்றரும் அதற்கு மேலும் மூழ்கவல்லது. அவ்வாழத்தில் ஒளி இல்லை. ஆகவே செக்கனுக்கு ஒன்று அல்லது இரண்டு வீதம், சம்மட்டியால் ஆணி அறைவது போன்ற 'டக், டக்' என்னும் ஓசையை எழுப்பி, அது இரையில் பட்டுத் திரும்பும் எதிரொலியைக் கொண்டே வழி அறிகிறது. விலங்குகள் எழுப்பும் ஒலிகளில் இதனினும் உரத்தது வேறில்லை என்பர் அறிஞர். கடல்நீரில் ஒலி செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றர் செல்லும். காற்றில் செல்வதைப்போல் நான்கு மடங்குக்கும் மேற்பட்ட வேகம் இது. ஆதலால் பல கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும் வள்ளத்திலிருந்தும், நீருக்குள் இறக்கிய ஒலிவாங்கி மூலம் அதனைக் கேட்கலாம். மட்டக்களப்பு வாவியில் துடுப்பை நீரில் ஊன்றி, அதன் காம்பில் காதை வைத்துப் பாடும் மீனின் ஓசையைக் கேட்போர்க்கு இது புதுமையாகத் தோன்றாது.

ஆனால் அந்த ஒரு 'டக்' உண்மையில் ஓர் ஒலியன்று. திமிங்கிலத்தின் தலைக்குள் எண்ணெய் நிறைந்த நீண்ட பை ஒன்று உண்டு. ஒலி பிறப்பது அதன் முன்முனையில். பிறந்த ஒலியின் பெரும்பகுதி எண்ணெயினூடே பின்னோக்கிச் சென்று, மண்டையோட்டின் முன்னுள்ள காற்றுப் பையில் மோதி, மீண்டும் முன்னே வந்து வெளிப்படுகிறது. அதில் ஒரு பங்கு முன்புறத்துக் காற்றுப் பையிலும் மோதி மறுபடி பின்செல்கிறது. இவ்வாறு ஓர் ஓசை, சம இடைவெளி விட்ட பல துடிப்புகளின் வரிசையாகிறது. தலை நீண்டால் இடைவெளியும் நீளும். தலையின் நீளம் தெரிந்தால் உடலின் நீளமும் ஏறத்தாழத் தெரிந்துவிடும். இடைவெளி 3 மில்லி செக்கன் எனில் உடல் சுமார் 9 மீற்றர்; 7 மில்லி செக்கன் எனில் சுமார் 15 மீற்றர். தன் அளவைத் தானே சொல்லிக்கொண்டு நீந்தும் பிராணி வேறு எங்கே உண்டு?

இதன் அருமை, முன்னாளில் திமிங்கிலத்தை எப்படி அளந்தார்கள் என்பதை நினைத்தால் விளங்கும். கொன்று கப்பல் தளத்தில் கிடத்தி நாடா பிடித்தே அளந்தார்கள். 1979இல் சர்வதேச திமிங்கில ஆணைக்குழு இந்து சமுத்திரத்தைத் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவித்தது. அதன் பின்னர், உயிருள்ள திமிங்கிலங்களை உயிருடனே ஆராயும் நோக்குடன் 'டியூலிப்' என்னும் சிறு பாய்மரப் படகு இலங்கைக் கடலுக்கு வந்தது. அதில் பணிபுரிந்த ஜொனதன் கோர்டன், பாய்மரத்தின் உச்சியிலிருந்து அடிவானமும் சேர்ந்து விழும்படி படம் எடுத்துத் திமிங்கிலத்தின் நீளத்தைக் கணித்தார். அதே விலங்கின் ஓசையையும் பதிவு செய்தார். இரு கணக்குகளும் இசைந்தன. அம்முடிவுகள் 1991இல் வெளியாயின. உலகெங்கும் இன்று கையாளப்படும் இம்முறை உரைகல்லில் தேய்க்கப்பட்டது இலங்கைக் கடலில் என்பது இந்நாட்டுப் பாடநூல்களில் இடம்பெறத் தக்க செய்தி.

மில்லி செக்கன் என்பது செக்கனின் ஆயிரத்தில் ஒரு கூறு. அதனைச் செவி பிரித்தறியாது, கணினி பிரித்தறியும். இசைத்தட்டுக்குரிய சாதாரண முறையில் பதிந்தாலும் ஒரு செக்கன் ஒலி 44,100 எண்களாகின்றது. 3 மில்லி செக்கனுக்குள்ளேயே நூற்றுமுப்பதுக்கு மேற்பட்ட எண்கள் அடங்கும். ஒலியின் அலைக்கோட்டை இரு கண்ணாடித் தாள்களில் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றை வைத்து மெல்ல நகர்த்தினால், முதல் துடிப்பு இரண்டாம் துடிப்பின்மேல் பொருந்தும் இடம் ஒன்று வரும். நகர்த்திய தூரமே இடைவெளி. கணினி செய்வதும் இவ்வளவே. தாளுக்குப் பதிலாக எண்களைப் பெருக்கிக் கூட்டுகிறது. பக்கவாட்டில் நின்று கேட்டால் துடிப்புகள் குழம்பிவிடுமாதலால், நூற்றுக்கணக்கான ஓசைகளைச் சேர்த்து நோக்குவதே முறை.

இன்று மனிதர் மணிக்கட்டில் அணியும் கடிகாரம் நாடித் துடிப்பையும் நடையையும் எண்ணுகிறது. திமிங்கிலத்துக்கும் அத்தகைய அணிகலன் உண்டு. அமெரிக்காவின் வூட்ஸ் ஹோல் கடலாராய்ச்சி நிலையத்தார் 2003இல் விவரித்த கருவி, உறிஞ்சு கிண்ணங்களால் முதுகில் ஒட்டிக்கொண்டு, ஒலியையும் ஆழத்தையும் உடலின் அசைவையும் சில மணி நேரம் பதிந்தபின் தானே கழன்று மிதக்கும். தோலைத் துளைப்பதில்லை.

கற்பிட்டிக்கு இவ்வறிவு ஏட்டளவில் நிற்பதன்று. வளர்ந்த ஆண்கள் துருவக் கடல்களை நாடிச் செல்ல, வெப்பக் கடலில் தங்குவன தாய்களும் குட்டிகளுமே. ஒரு தாய் அடுத்த குட்டியை ஈனப் பல ஆண்டுகள் செல்லும். ஆகவே வலையில் சிக்கியோ கப்பல் மோதியோ ஒன்று மடிந்தாலும் அவ்விழப்பு எளிதில் ஈடாகாது. வந்த கூட்டத்தில் குட்டிகள் உண்டா, வளர்ந்தவை எத்தனை என்பதைத் தீண்டாமலே அறிய ஓசையின் அளவு உதவும். ஆனால் பார்வையாளரை ஏற்றிய வள்ளங்கள் எஞ்சினை முழுவேகத்தில் முடுக்கி விரட்டும்போது அவ்வோசை இரைச்சலில் அமிழ்ந்துபோகிறது. கேட்க வந்தவருக்கு மட்டுமன்றி, எதிரொலியை நம்பி இரை தேடும் விலங்குக்கும் அதுவே கதி.

விரட்டுவதற்குத் தேவையும் இல்லை. மூழ்கிய திமிங்கிலம் முக்கால் மணி நேரம் வரை கீழே இருக்கும். மேலே வரும்போது ஓசையை நிறுத்திவிடும். எஞ்சினை அணைத்து, ஒலிவாங்கியை இறக்கிக் காத்திருக்கும் படகோட்டிக்கு, 'டக், டக்' ஓய்ந்த அந்த வேளையே அது இன்னும் சில நிமிடங்களில் நீர்மட்டத்துக்கு வரும் என்பதற்கு அறிகுறி.