வங்கி கை மாறும்போது வணிகர் கவனிக்க வேண்டியவை



2020 நவம்பர் 14ஆம் தேதி தீபாவளி. தீபாவளிக்கு மறுவாரம் நமக்கு ஓய்வு கிடையாது. கடனுக்கு எடுத்த எண்ணெய், பருப்பு, சர்க்கரைக்குப் பணம் கட்ட வேண்டிய வாரம் அது. அந்த வாரத்தில், 17ஆம் தேதி மாலை, லட்சுமி விலாஸ் வங்கியில் கணக்கு உள்ளவர்கள் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற அறிவிப்பு வந்தது.

1926-ல் கரூர் வணிகர்கள் ஒன்று கூடித் தொடங்கிய வங்கி அது. வாராக்கடன் பெருகியதால் மூலதனம் கரைந்துபோயிற்று. நவம்பர் 27-ல் சிங்கப்பூர் டி.பி.எஸ். வங்கியின் இந்திய நிறுவனத்துடன் அது இணைக்கப்பட்டது. சிங்கப்பூரிலிருந்து 2,500 கோடி ரூபாய் மூலதனம் வந்தது. டெபாசிட் பணத்துக்குப் பங்கம் வரவில்லை. ஊழியர்களின் வேலையும் சம்பளமும் தொடர்ந்தன. பங்குதாரர்களின் முதல் மட்டும் முழுவதும் போயிற்று. 2022 பிப்ரவரியோடு பழைய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடுகளும் முடிவுக்கு வந்தன.

பணம் பத்திரமாகக் கை மாறிவிடும்; பழக்கம் அப்படி மாறுவதில்லை. இதை நாம் வேறொரு வங்கி இணைப்பில் அனுபவித்தோம். பல ஆண்டுகளாக முகம் பார்த்து நமக்குக் கடன் வரம்பைப் புதுப்பித்து வந்தார்கள். புதிதாக வந்த மேலாளர் மாதாந்திர சரக்கிருப்புப் பட்டியலும் பாக்கிப் பட்டியலும் கேட்டார். நமக்குக் கோபம் வந்தது. இரண்டு மாதம் வரம்பு நின்றது. நம்மை நம்பிய சில்லறைக் கடைக்காரர்களுக்குக் கடனுக்குச் சரக்கு கொடுக்க முடியவில்லை. பிறகுதான் புரிந்தது: பழைய மேலாளர் நம்மை அறிந்தது அவர் மனதில் இருந்ததே தவிர, கோப்பில் இல்லை. அவர் மாற்றலாகிப் போனதும் நம் நாணயமும் அவரோடு போய்விட்டது.

இணைப்பு நம் ஊருக்குப் புதிதல்ல. 1960 ஏப்ரல் 1 வரை திருத்தணி தாலுகா ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அன்று மாவட்டமும் மாநிலமும் மாறின. அம்மையார்குப்பத்துப் பெரியவர்கள் புதிய அலுவலகத்தின் நடைமுறையைக் கற்றுக்கொண்டார்கள். எல்லைக்கு அப்பால் இருந்த வாடிக்கையையும் விடவில்லை. நமக்கும் அதுவே வழி.

ஆகவே உறுப்பினர்கள் சிலவற்றைக் கடைப்பிடிக்க வேண்டுகிறோம். கொடுக்கல் வாங்கல் முழுவதையும் ஒரே வங்கியில் வைக்காதீர்கள். கடன் ஒப்பந்தம், அடமானப் பத்திரம், நகைக்கடன் சீட்டு ஆகியவற்றின் நகலைக் கடையில் வையுங்கள். இணைப்புச் செய்தி வந்ததும் பழைய காசோலை எதுவரை செல்லும் என்று எழுத்தில் கேளுங்கள். புதிய குறியீட்டை மில்காரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தெரிவியுங்கள். 2020 பிப்ரவரியில் டெபாசிட் காப்பீடு 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்ந்தது. அது வங்கி ஒன்றுக்கான வரம்பு. உங்கள் கணக்குள்ள இரு வங்கிகள் ஒன்றானால் காப்பீடும் ஒன்றாகிவிடும் என்பதை மறவாதீர்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் தவறாமல் சரக்கிருப்பை எழுதி வங்கியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். மேலாளர் மாறினாலும் வங்கியே மாறினாலும் நம் நாணயத்துக்குச் சாட்சி சொல்ல அந்தத் தாள் இருக்கும்.