சுண்ணாம்புச் சத்தும் மக்கட்பேறும்



திருமணம் முடிந்து ஓராண்டு கடந்துவிட்டால் போதும், "இன்னும் விசேஷம் ஒன்றும் இல்லையா?" என்னும் கேள்வி நம் வீட்டுப் பெண்களைத் துளைக்கத் தொடங்கிவிடுகிறது. மணவாள நகரிலிருந்து ரயிலேறிச் சென்னை மருத்துவமனைகளின் படிகளில் ஏறி இறங்குபவள் அவளே. உறவினரின் ஏச்சுப் பேச்சுகளைத் தாங்குபவளும் அவளே. கணவரோ, "எனக்கென்ன குறை?" என்று ஒரே சொல்லில் ஒதுங்கிக் கொள்கிறார். இது முறைதானா? கரு உருவாகும் விதத்தைச் சற்று அறிந்து கொண்டால், விடை நமக்கே விளங்கிவிடும்.

நம் எலும்பையும் பல்லையும் உறுதியாக்கும் கால்சியம் எனப்படும் சுண்ணாம்புச் சத்தே, கரு உருவாவதிலும் திறவுகோலாக விளங்குகிறது. விந்தணுவின் உள்ளே இருப்பதைவிட வெளியே உள்ள நீர்மத்தில் கால்சியம் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு அதிகம். உரிய நேரத்தில் அது உள்ளே புக வேண்டும். அதற்கென்றே விந்தணுவில் நுண்ணிய கதவுகளை இறைவன் அமைத்திருக்கிறான்.

மூன்று கட்டங்கள்

முதலாவது, ஓட்டம். விந்தணுவின் வாலில் 'கேட்ஸ்பெர்' என்னும் கால்சியக் கதவு இருப்பதை அமெரிக்க விஞ்ஞானிகள் 2001-ல் கண்டறிந்தனர். இக்கதவு இல்லாத ஆண் எலிகள் மலடாயின. பெண் எலிகளுக்கோ எக்குறையும் நேரவில்லை. கருமுட்டையைச் சூழ்ந்துள்ள செல்கள் சுரக்கும் புரோஜெஸ்டிரான் மனித விந்தணுவின் இக்கதவைத் திறக்கிறது என்பது 2011-ல் தெளிவாயிற்று. கால்சியம் புகுந்ததும் வால் சாட்டையைப் போல் வேகமாக வீசுகிறது.

இரண்டாவது, உறையை ஊடுருவுதல். விந்தணுவின் தலையில் தொப்பி போன்றதொரு பை உண்டு. அது திறந்தாலன்றி முட்டையின் உறைக்குள் நுழைய இயலாது. கால்சியம் இல்லாத நீர்மத்தில் வைக்கப்பட்ட கினிப்பன்றியின் விந்தணுக்களில், கால்சியத்தைச் சேர்த்த பின்னரே இப்பை திறந்ததை யானகிமாச்சி என்னும் விஞ்ஞானி 1974-ல் காட்டினார்.

மூன்றாவது, முட்டையின் விழிப்பு. உள்ளே நுழைந்த விந்தணு, தன்னோடு கொண்டு வந்த ஒரு புரதத்தால் முட்டையின் சேமிப்பிலுள்ள கால்சியத்தை வெளிவரச் செய்கிறது. அது அலையலையாகப் பல மணி நேரம் எழுந்து அடங்குகிறது. அதனால்தான் முட்டை பிற விந்தணுக்களுக்கு வழியடைத்துக் கருவாக வளரத் தொடங்குகிறது. இப்புரதம் 2002-ல் இனங்காணப்பட்டது.

சிந்தியுங்கள்! இம்மூன்று கட்டங்களிலும் விந்தணுவின் பங்கு இருக்கிறதன்றோ? எண்ணிக்கையும் ஓட்டமும் சரியாக இருந்தும், கால்சியக் கதவு இயங்காததால் பிள்ளைப்பேறு தடைபட்ட ஆண்களும் உண்டு. அவ்வாறிருக்க, மனைவியை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது எவ்வகை நியாயம்?

செய்ய வேண்டியவை

"அப்படியானால் கால்சியம் மாத்திரை விழுங்கினால் போதுமா?" என்று கேட்பீர்கள். போதாது. இரத்தத்தில் கால்சியத்தின் அளவை உடலே கட்டுப்படுத்தி வைக்கிறது. மாத்திரையை மிகுதியாக உண்பதால் பழுதான கதவு திறந்துவிடாது. சிறுநீரகக் கல் உருவாகவும் இடமுண்டு. "ஆண்மை மருந்து" விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

ஓராண்டு இல்லறத்திற்குப் பின்னும் கரு தங்காவிட்டால் கணவன், மனைவி இருவரும் சேர்ந்தே மருத்துவரைக் காண வேண்டும். மனைவிக்கு முப்பத்தைந்து வயது கடந்திருந்தால் ஆறு மாதமே போதும். கணவருக்குரிய முதற் சோதனை மிக எளிது. ஊசியும் இல்லை, கத்தியும் இல்லை. முடிவு சரியில்லையெனில் மறுமுறையும் செய்து பார்ப்பார்கள்.

கும்மிடிப்பூண்டியிலோ காக்களூரிலோ உலையருகே வேலை செய்யும் சகோதரர்கள் அதனையும் மருத்துவரிடம் கூறுங்கள். மிகுந்த வெப்பம் விந்தணு உற்பத்தியைக் குறைக்கும். புதிய விந்தணு உருவாக இரண்டரை மாதம் அளவில் ஆகுமாதலால், வெப்பத்தைத் தவிர்த்தபின் பொறுமை தேவை. புகைப்பழக்கத்தையும் கைவிடுங்கள்.

நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. தென்னிந்தியாவின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை 1990-ல் சென்னையில், டாக்டர் கமலா செல்வராஜின் முயற்சியால் பிறந்தது. கதவு பழுதான விந்தணுவையும் நேரே முட்டைக்குள் செலுத்தும் முறை 1992 முதல் வழக்கில் உள்ளது. மணவாழ்க்கை நீடிக்கையில், கணவன் மனைவி இருவரின் அணுக்களை மட்டுமே கொண்டு, தேவையின் பொருட்டுச் செய்யப்படும் சோதனைக்குழாய்ச் சிகிச்சையை 1986-ல் அம்மானில் கூடிய சர்வதேச ஃபிக்ஹு அகாடமி அனுமதித்துள்ளது. மூன்றாமவரின் அணுவைச் சேர்ப்பதைத் தடுத்துள்ளது.

மக்கட்பேறு அல்லாஹ்வின் கொடை. முயற்சி நம் கடமை. குறை எவரிடம் இருப்பினும் அது குற்றமன்று. அடுத்த முறை மனைவி மருத்துவமனைக்குப் புறப்படும்போது, கணவரே, நீங்களும் உடன் புறப்படுங்கள். அவளுடைய பாதித் துயரம் அப்போதே தீர்ந்துவிடும், இன்ஷா அல்லாஹ்!