சஞ்சிகைக்கு எந்த மென்பொருள்?

தோழியரே, சஞ்சிகையொன்றைப் பக்கமாக்க வீட்டுக் கணினியே போதும். ஆனால் எந்த மென்பொருள் என்பதற்கு முன், எந்த எழுத்து என்று கேட்போம்.

நம் நாட்டு அச்சகங்களில் நெடுங்காலம் பயன்பட்டவை பேஜ்மேக்கரும் பாமினி எழுத்துருவும். 1985இல் வந்த பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வெளியானது. அதில் யுனிகோட் தமிழுக்கு இடமில்லை. பாமினியோ ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தது. கேகாலையில் பாமினியில் தட்டிய 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத இரத்தினபுரிக் கணினியில் 'எம்', 'கே' என ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். பத்தாண்டு கழித்து அக்கவிதையைத் தமிழில் தேடினாலும் அகப்படாது. யுனிகோடில் தட்டினால் எந்தக் கணினியிலும் தமிழ் தமிழே.

ஆகவே யுனிகோடை ஏற்கும் மென்பொருளையே தெரிவு செய்வோம். சில பக்கங்களுக்கு வேர்ட் போதும். பத்திகளும் படங்களும் நிறைந்த இதழுக்கு இன்டிசைன் சிறந்தது. ஆனால் சந்தா கட்ட வேண்டும். ஸ்கிரைபஸ் இலவசம், அதன் 1.6 பதிப்பு தமிழ் எழுத்துகளைச் சரியாகச் சேர்க்கும்.

பெற்றோரே, பணம் செலவிடுமுன் 'கொடி', 'போதும்' எனத் தட்டிப் பாருங்கள். கொம்பு இடம் மாறாவிட்டால் உங்கள் மகளின் எழுத்தை அந்த மென்பொருளிடம் நம்பிக் கொடுக்கலாம்.