இனப்பெருக்க நீதி நிறுவனமும் மாணவர் பயிற்சியும்

கல்லூரியிற் கற்கும் மாணவர் தாம் கற்றதைத் தொழில் நிகழும் இடத்திற் சென்று பயின்றுகொள்ளல் வேண்டும் என்பது பழைய கொள்கை. மருத்துவக் கல்வியில் இது நெடுங்காலமாக நிலைபெற்றுள்ளது. நம் நாட்டிலும் மருத்துவப் பட்டம் பெற்றோர் ஓராண்டு உள்ளகப் பயிற்சி பெற்ற பின்னரே முழுப்பதிவு பெறுகின்றனர். அக்காலத்தில் அவர்களுக்கு வேதனமும் உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் இவ்வழக்கம் மருத்துவத்தைக் கடந்து, சட்டம், பத்திரிகை, திரைப்படம், அரசியல், சமூகசேவை முதலிய பல துறைகளிற் பரவியுள்ளது. ஆயின், அங்ஙனம் பரவியபோது வேதனம் பல இடங்களிற் கைவிடப்பட்டது.

அந்நாட்டில் இனப்பெருக்க நீதிக்காக உழைக்கும் இலாப நோக்கற்ற நிறுவனங்கள் மாணவர் பயிற்சியை எவ்வாறு நடத்துதல் தகும் என்பதை இக்கட்டுரை ஆராய்கின்றது. இந்நிறுவனங்களைத் தெரிந்தமைக்குக் காரணம் உண்டு. அவை உலகுக்கு எடுத்துரைக்கும் கொள்கையே அவற்றின் பயிற்சித் திட்டத்துக்கும் உரைகல்லாக அமைகின்றது.

கொள்கையின் தோற்றம்

1973ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம், ரோ எதிர் வேட் என்னும் வழக்கில், கருக்கலைப்பை அரசியலமைப்பு காக்கும் உரிமையென ஏற்றது. மூன்றாண்டு கழிந்து, 1976இல், காங்கிரஸ் மன்றம் ஹைட் திருத்தம் எனப்படும் விதியை நிறைவேற்றியது. வறியோரின் மருத்துவச் செலவை ஏற்கும் மெடிக்கெய்ட் திட்டத்தின் மத்திய அரசு நிதியை, மிகச் சில விலக்குகள் ஒழிந்த ஏனைய சந்தர்ப்பங்களிற் கருக்கலைப்புக்குச் செலவிடலாகாது என்பது அதன் சாரம். இதனால் உரிமை சட்டநூலில் அப்படியே இருந்தது. அதனைப் பயன்படுத்தும் ஆற்றலோ பணமுடையாரிடம் மாத்திரம் எஞ்சியது.

மறுபுறத்தே வேறொரு கொடுமை நிகழ்ந்தது. 1927இல், பக் எதிர் பெல் என்னும் வழக்கில், ஒருவரின் விருப்பமின்றியே அவருக்குப் பிள்ளைப்பேறு இல்லாதவாறு சத்திரசிகிச்சை செய்ய இடமளித்த வேர்ஜினியா மாநிலச் சட்டத்தை உயர் நீதிமன்றம் செல்லுபடியாகும் எனத் தீர்ப்பளித்தது. வட கரொலைனா மாநிலத்தில் மாத்திரம் 1929 முதல் 1974 வரை ஏறக்குறைய 7,600 பேர் இவ்வகைச் சிகிச்சைக்கு உட்படுத்தப்பட்டனர். 2013இல் அம்மாநிலச் சட்டமன்றம் அவர்களுள் உயிரோடிருந்தோர்க்கு நட்டஈடு வழங்க 10 மில்லியன் டொலர் ஒதுக்கியது. எனவே வறிய பெண்கள் பலருக்குப் பிள்ளை பெறாதிருக்கும் உரிமையைப் போலவே பிள்ளை பெறும் உரிமையும் காக்கப்பட வேண்டியதாயிற்று.

இவ்விரு பக்கத்தையும் ஒருங்கே நோக்கிய கறுப்பினப் பெண்கள் பன்னிருவர் 1994ஆம் ஆண்டு யூன் மாதம் சிக்காகோ நகரிற் கூடி, இனப்பெருக்க நீதி என்னும் தொடரை ஆக்கினர். அக்கொள்கை மூன்று உரிமைகளைக் கூறும். பிள்ளை பெறாதிருக்கும் உரிமை ஒன்று. பிள்ளை பெறும் உரிமை மற்றொன்று. பெற்ற பிள்ளையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை மூன்றாவது. 1997இல் பதினாறு அமைப்புகள் ஒன்றுசேர்ந்து சிஸ்ரர்சோங் என்னும் கூட்டமைப்பை நிறுவின. கறுப்பினத்தார், ஆதிக்குடிகள், ஆசிய வழியினர், இலத்தீன் அமெரிக்க வழியினர் ஆகிய பெண்கள் அதில் இணைந்தனர்.

இக்கொள்கையின் மையக் கருத்து யாதெனில், வசதியில்லாத இடத்தில் தெரிவு இல்லை என்பதாம். மருத்துவமனைக்குச் செல்லப் பேருந்துக் கட்டணம் இல்லாதவளுக்கும், ஒருநாள் வேலைக்குச் செல்லாவிடின் வேலையையே இழப்பவளுக்கும், உனக்கு உரிமை உண்டு என்று கூறுதல் போதாது. உரிமையைத் துய்ப்பதற்கான வழியையும் அமைத்துக் கொடுத்தல் வேண்டும். ரோ வழக்கின் தீர்ப்பு 2022ஆம் ஆண்டு யூன் மாதம் டொப்ஸ் வழக்கின் மூலம் நீக்கப்பட்டு, சட்டம் மாநிலந்தோறும் வேறுபடலாயிற்று. அயல் மாநிலத்துக்குச் செல்லப் பணமும் ஓய்வும் உடையவர் யார் என்னும் வினா அதன்பின் மேலும் கூர்மையடைந்தது.

ஊதியமற்ற பயிற்சி

இனி, இக்கொள்கையை மாணவர் பயிற்சியிற் பொருத்திப் பார்ப்போம். ஒரு நிறுவனம் கோடை விடுமுறையிற் பத்து வாரப் பயிற்சி அளிப்பதாகவும், எவரும் விண்ணப்பிக்கலாம் எனவும், ஊதியம் இல்லை எனவும் அறிவிக்கின்றது என்று கொள்வோம். வாயில் யாவர்க்கும் திறந்தே உள்ளது. ஆயின் வாஷிங்டனிலோ நியூயோர்க்கிலோ பத்து வாரம் வாடகையும் உணவும் தாமே ஏற்று வாழத்தக்கவர் யார்? பெற்றோரின் பொருளுதவி உடையவரே. கோடையில் உழைத்து அடுத்த ஆண்டுக் கட்டணத்துக்குச் சேர்க்க வேண்டிய மாணவியும், தம்பி தங்கையரைப் பார்க்கும் பொறுப்புடைய மாணவியும், குழந்தையுடைய மாணவியும் விண்ணப்பிக்கவே மாட்டார்கள். வறிய பெண்ணின் வாழ்வை அறிந்தவள் வெளியே நிற்க, அதனை நூலிற் படித்தவள் உள்ளே பணிபுரிவாள். ஹைட் திருத்தத்தைக் கண்டிக்கும் நிறுவனம், தன் வாயிலில் அதே நியாயத்தை நாட்டிவிடுகின்றது.

சட்டம் இதனைத் தடுப்பதில்லை. 1938ஆம் ஆண்டின் நியாயமான தொழில் நியமச் சட்டம் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. 1947இல், புகையிரதப் பணிக்குப் பயின்றோர் பற்றிய வழக்கொன்றில், தம் நன்மைக்கே பயிலுவோர் தொழிலாளர் ஆகார் என உயர் நீதிமன்றம் கூறியது. அண்மைக் காலத்தில், திரைப்பட நிறுவனமொன்றில் ஊதியமின்றிப் பணிபுரிந்த பயிலுநர் தொடுத்த வழக்கில், 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் ஓர் அளவுகோலை வகுத்தது. பயிற்சியால் முதன்மையாக நன்மை பெறுபவர் மாணவரா, நிறுவனமா என்பதே அவ்வளவுகோல். 2018இல் தொழிற் திணைக்களமும் அதனை ஏற்றது. ஆயினும், இலாப நோக்கற்ற நிறுவனத்தில் ஊதியத்தை எதிர்பாராது விரும்பித் தொண்டு செய்வோரைப் பொதுவாகச் சட்டம் அனுமதிக்கின்றது. ஆகவே இந்நிறுவனங்கள் சட்டத்தின் அளவோடு அமையாது, தம் கொள்கையின் அளவையே கைக்கொள்ளுதல் பொருந்தும்.

பணம் பெற்றால் தொண்டின் தூய்மை கெடும் எனச் சிலர் கூறுவர். அது பொருந்தாது. நிறுவனத்தின் பணிப்பாளரும் கணக்காளரும் வேதனம் பெறுகின்றனர்; அவர்தம் தொண்டு கெட்டதென எவரும் உரைப்பதில்லை. சிறிய நிறுவனத்திற் பணம் இல்லை என்பது மற்றொரு தடை. இதனைக் கணக்கிட்டுப் பார்த்தல் நன்று. வாரத்துக்கு 35 மணித்தியாலமாகப் பத்து வாரத்துக்கு 350 மணித்தியாலம் ஆகும். மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலி 2009ஆம் ஆண்டு முதல் மணித்தியாலத்துக்கு 7.25 டொலர். இதன்படி ஒரு பயிலுநர்க்கு 2,537 டொலர் 50 சதம் வேண்டும். பெருநகரில் வாழ இத்தொகை போதாது. எனினும் இது கீழெல்லையைக் காட்டுகின்றது. நால்வரை வெறுங்கையோடு அழைப்பதினும் இருவரைக் கொடுப்பனவோடு அழைத்தல் மேலாம். மாசச்சூசெற்ஸ் மாநிலத்து ஹம்ஷயர் கல்லூரியில் 1981இல் தொடங்கிய குடியியல் உரிமைகளும் பொதுக்கொள்கையும் என்னும் திட்டம், இத்துறையின் நிறுவனங்களுக்கு மாணவரைக் கொடுப்பனவோடு அனுப்பியது. கல்லூரியும் நிறுவனமும் சுமையைப் பகிர்ந்துகொள்ள வழியுண்டு என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. அரசாங்கத்திலும் இம்மாற்றம் நிகழ்ந்தது. வெள்ளை மாளிகை தன் பயிலுநர்க்கு 2022ஆம் ஆண்டிலேயே முதன்முறையாக ஊதியம் வழங்கத் தொடங்கியது.

பயிற்சியை நடத்தும் முறை

கொடுப்பனவு அடித்தளமே, அதன்மேற் கட்டப்பட வேண்டியவை பல. முதலாவது, தெரிவு முறை. கல்லூரிப் புள்ளிகளை மாத்திரம் நோக்காது, விண்ணப்பிப்போரின் வாழ்வனுபவத்தையும் தகுதியாகக் கொள்ளல் வேண்டும். ஆயின், தம் துயர்க்கதையை எழுதுமாறு அவரை வற்புறுத்துதல் ஆகாது. கருக்கலைப்போ மகப்பேறோ பற்றிய சொந்த அனுபவம் ஒருவருக்கே உரிய செய்தி. அதனை அனுமதிச் சீட்டாகக் கேட்பதும், பின்னர் நிதி திரட்டும் அறிக்கையில் அச்சிடுவதும் நீதியாகா.

இரண்டாவது, வேலைத்திட்டம். பயிலுநர் வருமுன்னரே அவர் செய்து முடிக்க வேண்டிய பணியொன்று எழுத்திற் குறிக்கப்படல் வேண்டும். மாநிலச் சட்டமூலங்களை ஒப்பிட்டு அறிக்கை தயாரித்தல், தாய்மார்க்கான துண்டுப்பிரசுரத்தை இரு மொழியில் எழுதுதல் போன்றவை தக்கன. கடிதங்களை உறையிலிடுதலும் அலுவலகப் பணியின் ஒரு கூறே. அதனைப் பணிப்பாளரும் உடனிருந்து செய்யின் பயிலுநர் அதை இழிவாகக் கருதார். பத்து வாரமும் அதுவே வேலையாயின் அது பயிற்சியன்று.

மூன்றாவது, மேற்பார்வை. ஒவ்வொரு பயிலுநர்க்கும் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். வாரம் ஒருமுறையேனும் இருவரும் அமர்ந்து உரையாடுதல் அவசியம். பொறுப்பாளரைப் பற்றியே முறைப்பாடு எழின் அதனைக் கேட்பவர் வேறொருவராதல் வேண்டும். ஊதியமற்ற பயிலுநர் தொழிலாளர் அல்லர் என்பதால் பாரபட்சத்துக்கெதிரான மத்திய சட்டத்தின் காப்பு அவர்க்கு இல்லையென 1997இல் மேன்முறையீட்டு நீதிமன்றமொன்று தீர்ப்பளித்தது. 2013இல் ஒறிகன் மாநிலமும் 2014இல் நியூயோர்க் மாநிலமும் தனிச்சட்டம் இயற்றி அக்குறையைப் போக்கின. இத்தகைய சட்டம் இல்லாத இடங்களில் நிறுவனத்தின் சொந்த விதியே பயிலுநரின் அரணாகும்.

நான்காவது, பாதுகாப்பு. இது ஏனைய அலுவலகங்களினும் இங்கே முதன்மை பெறுவது. 1993இல் புளோரிடா மாநிலத்துப் பென்சகோலா நகரிற் கருக்கலைப்பு மருத்துவர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். மருத்துவ நிலையங்களின் வாயிலைக் காக்கும் மத்திய சட்டம் 1994இல் வந்தது. எனவே பயிலுநரின் பெயரையும் படத்தையும் வெளியிடுமுன் அவர் சம்மதம் பெறுதல் வேண்டும். தொலைபேசியிற் பேசும் பெண்ணின் இரகசியத்தைக் காக்கும் முறையை முதல் நாளே கற்பித்தல் வேண்டும். சட்ட எல்லையையும் உணர்த்துதல் இன்றியமையாதது. தெக்சாஸ் மாநிலத்தில் 2021ஆம் ஆண்டு செப்டெம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம், தடைசெய்யப்பட்ட கருக்கலைப்புக்கு உதவியோர் மீது தனியார் எவரும் வழக்குத் தொடுத்து ஆகக்குறைந்தது 10,000 டொலர் பெற இடமளித்தது. இருபது வயது மாணவி ஒருத்தி நல்லெண்ணத்தாற் கூறும் விடை அவளை வழக்கில் மாட்டிவிடலாம். ஆகவே எவ்வினாவுக்கு விடையளிக்கலாம், எதனைச் சட்டத்தரணியிடம் ஒப்படைக்கவேண்டும் என்பது எழுத்தில் இருத்தல் வேண்டும். அந்தத் தொலைபேசியை அவளிடம் தனியே விட்டுச் செல்லுதல் தகாது.

ஐந்தாவது, மதிப்பீடு. நிறுவனம் மாணவரை மதிப்பிடுவது வழக்கம். மாணவர் நிறுவனத்தை மதிப்பிடுதலும் உடன் நிகழ்தல் வேண்டும். அம்மதிப்பீடு நற்சான்றுக் கடிதம் கையளிக்கப்பட்ட பின்னரே பெறப்படின் அதில் உண்மை இருக்கும். முன்னர்ப் பெறப்படின் முகமனே மிஞ்சும்.

இவ்வைந்தும் அமெரிக்க நிறுவனங்களை நோக்கிக் கூறப்பட்டனவாயினும் அவற்றின் அடிப்படை எங்கும் ஒன்றே. ஆசிரியராகிய நாமும் மாணவரை அலுவலகங்களுக்கும் தொண்டு நிலையங்களுக்கும் பயிற்சிக்காக அனுப்புகின்றோம். அனுப்புமுன் மூன்று வினாக்களை அந்நிலையத்தாரிடம் கேட்டல் நம் கடன். போக்குவரத்துக்கும் உணவுக்கும் பணம் தருவார் யார்? நாடோறும் வழிகாட்டுவார் யார்? தீங்கு நேரின் அம்மாணவர் சொல்லைக் கேட்பார் யார்? முதல் வினாவுக்கு விடை கிடையாதவிடத்து, வகுப்பிலுள்ள வறிய பிள்ளை கையுயர்த்தாது வாளாவிருக்கும். அதனை ஆர்வமின்மை என ஆசிரியர் எண்ணிவிடலாகாது.