விடியுமுன் தெரிய வேண்டிய எண்

ஏரியில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதப்பதைப் பெரும்பாலும் காலையில்தான் பார்க்கிறோம். காரணம் இரவில் இருக்கிறது. பகலில் பாசி வெயிலை வாங்கித் தண்ணீரில் ஆக்சிஜனைச் சேர்க்கிறது. இருட்டியதும் அதே பாசியும், அடிச்சேற்றுக் கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களும், மீன்களும் சேர்ந்து அதை உறிஞ்சித் தீர்க்கின்றன. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் நன்னீரில் இயல்பாகக் கரையக்கூடிய ஆக்சிஜன் சுமார் 7.5 மில்லிகிராம்தான். விடியற்காலையில் அது 3-க்குக் கீழே இறங்கினால் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். இன்னும் குறைந்தால் சாகும். காற்றை நேரடியாக விழுங்கத் தெரிந்த விரால் போன்ற மீன்கள் மட்டும் தப்பித்துக்கொள்ளும்.

சென்னையை அடுத்த கோவில்பதாகை ஏரியும், அதைச் சுற்றியுள்ள ஆவடி, அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகளும் வயலுக்குப் பாய்ச்ச உண்டானவை. வயல்கள் மனைகளாகின. 2019-ல் ஆவடி மாநகராட்சியும் ஆனது. இப்படி நகரம் சூழ்ந்த ஏரியில் சாக்கடை கலக்கும்போது அடிச்சேற்றின் பசி பல மடங்கு கூடுகிறது. மீன் குஞ்சு விட்டு, வளர்த்து, வலை வீசக் காத்திருக்கும் குத்தகைதாரருக்கு ஒரே இரவில் எல்லாம் போய்விடலாம்.

மீன் வளர்ப்பில் டிஜிட்டல் தொழில்நுட்பம் முதலில் உதவக்கூடிய இடம் இதுதான். தண்ணீருக்குள் தொங்கும் ஒரு சென்சார் ஆக்சிஜன், வெப்பம், கார அமிலத் தன்மை ஆகியவற்றைச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளந்து கைபேசிக்கு அனுப்பும். ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கியதுமே, தண்ணீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரை ஓட விடலாம். இரவு முழுக்க ஓட்டி மின்சாரத்தைக் கொட்ட வேண்டியதில்லை. ஆனால் நம் ஊர் வெப்பத்தில், பச்சையேறிய தண்ணீரில், சென்சாரின் முகத்தில் சில நாட்களிலேயே வழுவழுவென்று பாசி படியும். அதைத் துடைத்து, சரிபார்த்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் ஒதுக்காத திட்டம் எதையும் நான் நம்பமாட்டேன். அழுக்குப் படிந்த சென்சார் சொல்லும் பொய், சென்சாரே இல்லாததைவிட ஆபத்தானது.

அடுத்தது தீவனம். பண்ணைச் செலவில் பாதிக்கு மேல் அதற்கே போகிறது. போடும் தீவனத்திலுள்ள நைட்ரஜனில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரையே மீனின் உடலில் சேர்கிறது. மீதி அம்மோனியாவாகவும் கழிவாகவும் தண்ணீரில் தங்குகிறது. மீனின் எடை, தண்ணீரின் வெப்பம், நேற்று மிச்சமான தீவனம் ஆகியவற்றைப் பதிந்துவைத்து இன்றைய அளவைக் கணக்கிடும் செயலிகள் விவசாயியின் பணத்தோடு தண்ணீரையும் காப்பாற்றுகின்றன.

இந்த அறிவை நாம் வெளியே தேட வேண்டியதில்லை. உவர்நீர் மீன்வளர்ப்புக்கான மத்திய ஆராய்ச்சி நிலையமான சிபா 1987 முதல் சென்னையில் இருக்கிறது. இறால் விவசாயிகளுக்கென்று கைபேசிச் செயலியும் வெளியிட்டிருக்கிறது. பொன்னேரியில் மீன்வளக் கல்லூரி இருக்கிறது. 2017-ல் சென்னையில் தொடங்கிய அக்வாகனெக்ட் நிறுவனம் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு குளங்களைக் கண்காணிக்கும் முறையை உருவாக்கியது.

எனக்குக் கவலை தருவது வேறு. இப்படிச் சேரும் தகவல் ஒருவரின் கைபேசியோடு நின்றுவிடுகிறது. தண்ணீரோ ஒருவரோடு நிற்பதில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் வெள்ளைப்புள்ளி நோய் இறால் பண்ணைகளைச் சூறையாடியதை நினைத்துப் பாருங்கள். நோய் கண்ட குளத்துத் தண்ணீரை ஒருவர் கால்வாயில் திறந்துவிட்டால், அதே கால்வாயில் அடுத்தவர் மோட்டார் போட்டு இறைக்கிறார். தன் குளத்தில் நோய் என்று சொன்னால் வியாபாரி விலையைக் குறைப்பார் என்ற பயம் எல்லோரையும் வாய்மூட வைத்தது. அதே காலத்தில், இறால் பண்ணைகளால் நிலமும் குடிநீரும் உப்பாவதை எதிர்த்துக் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டமும் வந்தது. பண்ணைகளைப் பதிவு செய்வது அதனால் கட்டாயமானது. ஆனால் பக்கத்துக் குளத்தில் இன்று என்ன நடக்கிறது என்பது பதிவேட்டைப் பார்த்தால் தெரியாது.

நார்வேயில் சால்மன் பண்ணைகள் மீன் மேல் ஒட்டும் கடல்பேன்களை வாரந்தோறும் எண்ணி அரசுக்குச் சொல்ல வேண்டும். ஒரு மீனுக்குச் சராசரியாக முதிர்ந்த பெண் பேன் 0.5-ஐத் தாண்டக் கூடாது என்பது பொது வரம்பு. வசந்தகாலத்தில் அது 0.2 ஆக இறுகும். எந்தப் பண்ணையில் எத்தனை என்பதை பேரண்ட்ஸ்வாட்ச் இணைய வரைபடத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அங்கும் பேன் ஒழிந்துவிடவில்லை. ஆனால் மறைக்க முடியவில்லை. கடல் எல்லோருக்கும் பொது என்பதால் கணக்கும் பொதுவாக இருக்கிறது.

இந்தியாவில் 2024 செப்டம்பரில் தேசிய மீன்வள டிஜிட்டல் தளம் தொடங்கப்பட்டது. மீனவருக்கும் பண்ணையாளருக்கும் அடையாளம், கடன், காப்பீடு ஆகியவற்றுக்கு அது வழி செய்கிறது. நல்ல தொடக்கம்தான். ஆளைப் பற்றிய விவரத்தோடு தண்ணீரைப் பற்றிய விவரமும் அதில் சேர வேண்டும். கொடுத்த தகவல் கடன் மறுக்கவோ, விலையை அடிக்கவோ பயன்படாது என்ற உறுதி சட்டத்தில் இருந்தால்தான் விவசாயி உண்மையைச் சொல்வார்.

ஏரிகளில் இதைத் தொடங்குவது இன்னும் எளிது. அவை பொதுச் சொத்து. வடகிழக்குப் பருவத்தின் முதல் மழை சாலை அழுக்கையும் சாக்கடையையும் மொத்தமாக வாரிக்கொண்டு ஏரிக்குள் வருகிறது. கோவில்பதாகை ஏரியின் வரத்துக்கால்வாய் முகத்தில் ஒன்று, நடு ஏரியில் ஒன்று, கலங்கல் பக்கம் ஒன்று என்று மூன்று சென்சார்கள் வைத்து, அளவைக் கரையில் ஒரு பலகையிலும் கைபேசியிலும் காட்டலாம். எந்த வாயிலிருந்து கழிவு வருகிறது என்று மாநகராட்சிக்குத் தெரியும்; குடியிருப்போருக்கும் தெரியும். ஆக்சிஜன் சரிவது இரண்டு நாள் முன்பே பிடிபட்டால் குத்தகைதாரர் வலையை இறக்கி, விற்கும் அளவுக்கு வளர்ந்த மீன்களையாவது உயிரோடு கரையேற்றிவிடுவார்.