சுருக்கென்றதா, கடுக்கிறதா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் கண்மாய்க் கரைகளிலும் தரிசு நிலங்களிலும் சீமைக் கருவேல மரங்கள் மண்டிக் கிடக்கின்றன. அவ்வழியே வெறுங்காலுடன் நடந்தால் என்ன ஆகும்? 'சுருக்' என்று முள் தைக்கும். காலை வெடுக்கென இழுத்துக்கொள்வோம். அடுத்த கணம், தைத்த இடம் 'கடுக்க'த் தொடங்கும்.

தைத்தது ஒரே முள். அதற்கு ஏன் இரண்டு சொற்கள்? வலி என்று பொதுவாகச் சொன்னால் போதாதா? போதாது. காரணம் நம் நரம்புகளிலேயே இருக்கிறது.

வலிச் செய்தியைக் கொண்டு செல்லும் நரம்பிழைகள் இரு வகைப்படும். 'ஏ-டெல்டா' இழைகளுக்கு மையலின் என்னும் மெல்லிய உறை உண்டு. அவற்றில் செய்தி நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் வரை விரையும். 'சி' இழைகள் மிக மெலிந்தவை, உறையற்றவை. அவற்றின் வேகம் நொடிக்கு அரை மீட்டர் முதல் 2 மீட்டர் வரைதான்.

ஒரு கணக்குப் போடுவோம். பாதத்திலிருந்து தண்டுவடம் வரை ஏறத்தாழ 1 மீட்டர் எனக் கொள்க. நொடிக்கு 20 மீட்டர் செல்லும் செய்தி 1/20 நொடியில் சேர்ந்துவிடும். நொடிக்கு 1 மீட்டர் செல்வதற்கு முழுதாக 1 நொடி தேவை. முந்தி வருவது சுருக். பிந்தி வருவது கடுப்பு!

வலிக்கு வேறு சொற்களும் உண்டு. சீழ் கோத்த கட்டி 'விண்விண்' என்று தெறிக்கும். மிளகாய் பட்ட கண் எரியும். நரம்பு நசுங்கினால் 'சுரீர்' என்று இழுக்கும். இத்தகைய சொற்கள் நோயறியவும் உதவும். கனடா நாட்டு உளவியலறிஞர் ரொனால்ட் மெல்சாக், வலியைக் குறிக்கும் 78 ஆங்கிலச் சொற்களை 20 குழுக்களாக வகுத்து, 1975இல் ஒரு வினாத்தாளை வெளியிட்டார். ஆகவே மருத்துவரிடம் "வலிக்கிறது" என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எப்படி வலிக்கிறது என்றும் சொல்லுங்கள்.

முள் தைத்தும் 'சுருக்' என்னவில்லை என்றால்? அதுதான் ஆபத்து. தொழுநோயிலும், நெடுநாள் நீரிழிவிலும் பாதத்து நரம்புகள் பழுதடையக்கூடும். முள் தைத்ததே தெரியாது; புண் உள்ளுக்குள் புரையோடும். சிலருக்குக் காலையே எடுக்க நேரிடும்.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ள தாத்தாவோ பாட்டியோ இருக்கிறார்களா? நாள்தோறும் அவர்கள் உள்ளங்காலைப் பாருங்கள். அவர்கள் நரம்பு சொல்லாததை உங்கள் கண் சொல்லட்டும்.