ஒரே தட்டு, இரண்டு விதி

எண்ணக் கற்பதற்கு முன்பே குழந்தை தொடங்கிவிடும் பாடம் இனம் பிரித்தல். எது எதோடு சேரும் என்று தெரிந்தால்தான் எதை எண்ணுவது என்பதே தெளிவாகும்.

இதன் வளர்ச்சிப் படிகளை ழான் பியாஜேயும் பார்பெல் இன்ஹெல்டரும் 1959இல் வெளிவந்த நூலில் விவரித்தார்கள். மூன்று, நான்கு வயதில் குழந்தை சதுரத்தின் மேல் முக்கோணத்தை வைத்து ‘வீடு’ என்கிறது. அது இன்னும் இனம் பிரிக்கவில்லை, படம் கட்டுகிறது. அடுத்து நிறம், வடிவம் எனப் பிரிக்கும் திறன் வருகிறது. முழுமையும் பகுதியும் ஒருசேரப் பிடிபடுவது ஏறத்தாழ ஏழு, எட்டு வயதில்தான். நிறையப் பழுப்பு மணிகளையும் ஒன்றிரண்டு வெள்ளை மணிகளையும் காட்டி, “மரமணி அதிகமா, பழுப்பு மணி அதிகமா?” என்று பியாஜே கேட்டார். எல்லாமே மரத்தால் ஆனவை. ஆனாலும் ஐந்து வயதுக் குழந்தைகள் பழுப்பு மணியே அதிகம் என்றார்கள். பழுப்பை வெள்ளையோடுதான் ஒப்பிட்டார்கள்.

விதியை மாற்றுவது இன்னொரு தடை. உளவியலாளர் பிலிப் செலாசோவின் சோதனையில் சிவப்பு முயல், நீலப் படகு போன்ற அட்டைகளை முதலில் நிறப்படி பிரிக்க வேண்டும், பிறகு வடிவப்படி. மூன்று வயதுக் குழந்தை புதிய விதியை வாயால் சரியாகச் சொல்லும். கை மட்டும் பழைய விதிப்படியே போகும். ஐந்து வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் இதைத் தாண்டிவிடுகிறார்கள்.

வீட்டிலோ அங்கன்வாடியிலோ இதைப் பழக்க ஒரு தட்டு போதும். எவர்சில்வர் கரண்டி, எவர்சில்வர் டம்ளர், மரக்கரண்டி, பிளாஸ்டிக் டம்ளர் ஆகிய நான்கையும் வைக்கலாம். எதனால் செய்தது என்று பார்த்தால் எவர்சில்வர் கரண்டி அதே உலோக டம்ளரோடு சேரும். எதற்குப் பயன்படுகிறது என்று பார்த்தால் மரக்கரண்டியோடு சேரும். ஒரே பொருள் இடம் மாறுவதைக் குழந்தை கையால் செய்து பார்ப்பதுதான் இதில் முக்கியம். வட்டமிடச் சொல்லும் அச்சுப் பயிற்சித்தாள் இதற்கு ஈடாகாது. அதில் எதையும் எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது.

டம்ளரையும் கரண்டியையும் சேர்த்து வைத்து, “பூஸ்ட் ஆத்திக் கலக்க” என்று குழந்தை சொன்னால் அது தவறல்ல, அதுவும் ஒரு விதி. திருத்துவதைவிட “வேறு மாதிரிப் பிரிக்கலாமா?” என்று கேட்பதே நல்லது. ‘சிவப்பு’, ‘சிவப்பு அல்லாதவை’ என்ற பிரிவையும் இடையில் பழக்கலாம். ‘அல்லாதவை’ சற்றுத் தாமதமாகவே பிடிபடும்.

மூன்று வயதுக்கு உட்பட்டவர்களிடம் பொத்தான், புளியங்கொட்டை, நாணயம் ஆகியவற்றைத் தரக் கூடாது. தொண்டையில் சிக்கி மூச்சை அடைத்துவிடும்.